கழுத்தின் பின்பக்கம்

நான் இன்று உயிரோடு இருப்பதற்கு என் மச்சாள், அண்ணையின் மனைவி ரஞ்சியின் சீப்புத்தான் காரணம். ஆஸ்பத்திரிக் காகிதம் எதிலும் இது எழுதப்படவில்லை. நாங்கள் இருக்கும் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் தமிழ்ச் சனம் நாலு பேர் கூடினால், "மேர்சி, உமக்கு வந்தது நித்திரை வருத்தமாமே? எங்களுக்கும் இந்த நாட்டில பகல் முழுக்க நித்திரைதான் வருகுது" என்று பகிடி விடுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்வதில் பாதிக் கதை எப்போதும் விடுபட்டுப் போகிறது. அந்தப் பாதியையும் சேர்த்து ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட நினைக்கிறேன்.

நான் ஒரு தாதி. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை செய்தேன். பிறகு கடவுளுக்குப் பணி செய்யவும் கல்யாணப் பேச்சுகளிலிருந்து தப்பவும் தென் சூடானுக்குத் தொண்டராகப் போனேன். எந்தக் காரணம் முந்தியது என்று என்னைக் கேட்க வேண்டாம். கொங்கோ எல்லைக்குக் கிட்ட, காடும் ஆறுமான ஒரு இடம். சம்பளம் இல்லை. படுக்கையும் சாப்பாடும் ஒரு பழைய ஜீப்பும் தந்தார்கள்.

நித்திரை வருத்தம் அங்கே உள்ள நோய். செற்சி என்ற ஈ கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இரத்தத்தில் ஏறுகிறது. மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், காய்ச்சலும் தலையிடியும் விட்டுவிட்டு வரும். பிறகு கிருமி மூளைக்குப் போய்விடும். சோற்றுக் கோப்பையில் கையை வைத்தபடியே பகலில் தூங்கிப்போவார்கள். இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். குணம் மாறும். கடைசியில் எழும்பாமலே போய்விடுவார்கள்.

எங்கள் வேலை கழுத்துப் பார்ப்பது. ஒரு கிராமத்துச் சனத்தை மரநிழலில் வரிசையாக நிறுத்தி, முதுகைத் திருப்பச் சொல்லி, கழுத்தின் பின்பக்கம் தலைமயிர் முடியும் இடத்துக்குக் கீழே விரலால் தடவிப் பார்ப்போம். கிருமி இருந்தால் அங்கே சின்னச் சின்னக் கட்டிகள் தோலுக்குள் உருளும். நோவு இராது, அதனால் ஆளுக்கே தெரியாது. கட்டி அகப்பட்டால் ஊசியால் அதில் ஒரு சொட்டு நீர் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். முகம் தெரியாமல் கழுத்தை மட்டும் தெரிந்த மனிதர்கள் எனக்கு அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

ஜீப்பை ஓட்டியவன் சாமுவேல். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பெற்றோல் தாங்கியில் கல் அடித்து ஓட்டை விழுந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைப்பான். மைக்ரோஸ்கோப்புக்கு வெயிலைத் திருப்பக் கண்ணாடியும் பிடிப்பான். ஆறு குறுக்கிட்டால் முதலில் தான் இறங்கி, ஒரு தடியால் ஆழம் பார்த்துக்கொண்டு நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்துதான் வண்டியை இறக்குவான். வேலை முடிந்து சனம் கலைந்த பிறகு, கடைசி ஆளாக வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்று கழுத்தைக் குனிவான். தினமும் இதே பகிடி. நான் தடவிப் பார்த்து, "ஒன்றுமில்லை, போ" என்பேன்.

"உங்கள் கழுத்தை யார் பார்ப்பது, சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டான்.

"தாதிக்குக் கழுத்தே இல்லை. தலை நேரே தோளில்தான் இருக்கிறது" என்றேன்.

எத்தனையோ தரம் வழியில் நின்றிருக்கிறோம். ஆனால் ஒருமுறை தடியும் ஏமாற்றிவிட்டது. மேலே மணல், கீழே சேறு. ஆற்றின் நடுவில் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. ஜாக்கியை வைத்தால் ஜாக்கியும் சேர்ந்து இறங்கியது. ஆட்கள் வந்து இழுத்துவிடும்வரை இரண்டு நாள் அந்த ஆற்றங்கரை இருட்டுக் காட்டுக்குள் இருந்தோம். எங்கள் சீருடை நீல நிறம். அந்த ஈக்கு நீலம் பிடிக்கும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். துணிக்கு மேலாகவும் கடித்தது, ஊசி குத்தியது மாதிரி. இரண்டு பேரும் ஒருவர் முதுகில் இருந்ததை மற்றவர் அடித்து விரட்டினோம்.

எண்பத்து மூன்றில் ஊர் எரிந்தது. திரும்பிப் போக முடியவில்லை. பிறகு சூடானிலும் சண்டை கிட்ட வந்தது. மிஷன்காரர் வெளிநாட்டுத் தொண்டர்களை அனுப்பத் தொடங்கினார்கள். எனக்குப் போக நாடு இல்லை. டென்மார்க்கில் அகதியாக இருந்த என் அண்ணை ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து என்னை எடுப்பித்தார். புறப்படுவதற்கு முன் ரெலிபோனில் அவர் சொன்னது ஒரே விஷயம்தான்.

"பிள்ளை, நல்லாக் கேள். நீ கொழும்பிலயிருந்து நேர வாறாய். ஆபிரிக்கா எண்ட சொல்லே வாயில வரக் கூடாது. அங்க இருந்தனீ எண்டு தெரிஞ்சா அங்கயே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். நானும் உன்னைப் பற்றி அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கிறன். உன்ர கதை பிழைச்சா என்ர கதையும் பிழைக்கும்."

எங்கள் சனத்தில் இது ஒரு தனிப்பட்ட பொய் அல்ல. வந்த வழியைச் சொல்லாதே என்பது எல்லோருக்கும் எல்லோரும் கொடுத்த புத்திமதி. சூடான் முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டை விமானத்துக் கழிவறையில் கிழித்துப் போட்டுவிட்டு கொப்பன்ஹேகனில் இறங்கினேன். பொலிஸிடம் கொழும்பு என்றேன். அகதி முகாமில் சில மாதம் இருந்த பிறகு, வழக்கு முடியும்வரை அண்ணை வீட்டில் இருக்க விட்டார்கள். வீட்டுக்குள்கூட ஆபிரிக்காவைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அந்தச் சொல்லைப் பூட்டி வைத்தபோது அதோடு சேர்ந்த படிப்பும் உள்ளே போய்விட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மாரிகாலத்தில்தான் தொடங்கியது. காய்ச்சல் வரும், போகும். தலையிடி விடாது. ரஞ்சி கொத்தமல்லி அவித்துத் தருவாள். குடித்துவிட்டுக் கதிரையிலேயே தூங்கிப்போவேன். கதவில் கை இடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அந்த நோவு வந்து உயிர் போகும். கரட் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன் என்று ரஞ்சி கத்தினாள். நான் அவளைக் கெட்ட வார்த்தையில் ஏசினேனாம். என் வாயில் அப்படியான வார்த்தைகள் இருந்தன என்பது எனக்கே புதினம்.

நான் தாதி, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. வருத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய மூளையைத்தான் இந்த வருத்தம் முதலில் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் எனக்கு விளக்கம் இல்லை.

ரண்டர்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காத்திருக்கும் அறை முழுக்க மரக் கதிரை, மெழுகுதிரி, கோப்பி வாசம். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி என்றால் சனக்கூட்டமும் சத்தமும். இங்கே நோயாளிகள் தேவாலயத்தில் இருப்பதுபோல இருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், காச நோய்க்குப் பார்த்தார்கள். இலங்கை என்றதால் மலேரியாவுக்கும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டொக்டர் ஹென்னிங் உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். வந்த வழியில் வேறு எந்த நாட்டிலும் தங்கினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறக்க முன் அண்ணை "நோ, நோ" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

உடம்பில் ஒன்றும் அகப்படாததால் மனதைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஊரில் யுத்தம், வெளியில் இருட்டு, தனிப் பெண். மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் இரவாகிவிடும் நாட்கள். யார் பார்த்தாலும் துக்கம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சபைச் சனம் வந்து கட்டிலைச் சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, அது வெளியே போக வேண்டும் என்று ஒரு அக்கா அழுதழுது கேட்டாள். பிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் டொக்டர்மார் சொன்னதைவிடச் சரி.

அப்போதுதான் சாமுவேல் வரத் தொடங்கினான்.

பேய்க்கதைகளில் வருகிற மாதிரி நடுச்சாமத்தில் வரவில்லை. மத்தியானத்தில், நான் தூக்கத்துக்குள் இறங்கும் நேரத்தில் வந்து, ஜன்னலோரக் கதிரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். காக்கிச் சட்டை, காலில் சேறு. கழுத்தைக் குனிந்துகொண்டு காத்திருப்பான். எழும்பிப் போய்த் தடவிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை கனத்துக் கிடக்கும். கிர்ஸ்தன் என்ற தாதி அந்தக் கதிரையில் துவாய் ஒன்றை வைத்தபோது நான் கத்தினேன். அவள் உடனே துவாயை எடுத்துவிட்டாள். நான் பயந்தேன். அவன் வருவதற்கு அல்ல. ஒருநாள் அவன் முகத்தைத் திருப்பினால் என்ன பார்க்க வேண்டி வருமோ என்றுதான் பயம்.

இனிச் சீப்புக்கு வருகிறேன். அண்ணை இறைச்சி பக்டரியில் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகல். ரஞ்சி பஸ் பிடித்து வந்தாள். என் தலை சடை பிடித்துக் கிடந்தது. "இப்படியே விட்டா மொட்டையடிக்கத்தான் வேணும்" என்று ஏசிக்கொண்டு என்னை நிமிர்த்தி இருத்தி எண்ணெய் வைத்து இழுத்தாள். சீப்பு கழுத்தடியில் தடக்கியது.

"இதென்னடி மேர்சி? பின்னால கடலை மாதிரி உருளுது. ஒண்டில்லை, கனக்கக் கிடக்குது."

"எங்க?"

"இஞ்ச." என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

என் விரலுக்கு அது தெரிந்தது. தலைக்குத் தெரிய முதலே விரலுக்குத் தெரிந்துவிட்டது. நோவு இல்லை, வழுக்கி வழுக்கி உருண்டது. அத்தனை ஊர்களில், அத்தனை மரங்களுக்குக் கீழே தேடியது இதைத்தான். என் கையைக் கொண்டுபோய் என் கழுத்தில் ஒருநாளாவது வைத்தேனா?

"சாமுவேல்" என்றேன்.

"ஆர் சாமுவேல்?" ரஞ்சியின் கை நின்றது. "எடியே, எங்களுக்குச் சொல்லாமல் அங்க ஆரையும் வச்சிருந்தனியோ?"

அழுகையும் சிரிப்புமாக வந்தது. தூக்கம் வந்து அமுக்க முதல் சொல்லி முடிக்க வேண்டும் என்று விழுந்தடித்துச் சொன்னேன். ஈ, ஆறு, கட்டி, மூளை. இப்படியே விட்டால் சாவு, அதில் சந்தேகமே இல்லை என்றேன். அவள் எண்ணெய்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப டொக்டரிட்டச் சொல்லுவம்."

"அண்ணை வரட்டும். அவரின்ர வழக்கும் இருக்குதெல்லே."

"அண்ணை வந்தா யோசிப்பார். அந்த மனுசன் யோசிச்சு முடிய நீ இருக்க மாட்டாய்."

எழும்பிப் போனாள். ரஞ்சிக்கு அப்போது டேனிஷ் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் தெரியும். நடையில் நின்று கிர்ஸ்தனிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அஃப்ரிகா. ஹுன் அஃப்ரிகா." 'அவள் ஆபிரிக்கா' என்கிறாள். எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத சொல்லை எண்ணெய்க் கையால் தன் கழுத்தைத் தட்டித் தட்டிச் சத்தமாகச் சொன்னாள்.

டொக்டர் ஹென்னிங் ஓடி வந்தார். நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். முடிவில், "பொலிஸுக்குச் சொல்வீர்களா?" என்று கேட்டேன். நோயாளி சொல்வதை வெளியே சொல்ல இந்த நாட்டில் டொக்டருக்கு அனுமதி இல்லை என்றார். பிறகு மெல்ல, "நீங்கள் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார். அதில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் அண்ணை வந்தார். ரஞ்சி சொன்னாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பியள்?" என்றாள் ரஞ்சி.

அண்ணை தொப்பியைக் கட்டிலில் வைத்தார். என் போர்வையை இழுத்துக் கால்களை மூடிவிட்டார்.

இந்த நோய்க்கு மருந்து ரண்டர்ஸில் இல்லை. கொப்பன்ஹேகனுக்கு அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வழியில் கடல் இருக்கிறது, வண்டியோடு கப்பலில் ஏற வேண்டும். ஏற்றும்போது பலகை தடதடத்தது. நான் விழித்துப் பார்க்க, கண்ணாடிக்கு வெளியே தண்ணீர். "நிறுத்துங்கள், அவன் இன்னும் ஆழம் பார்க்கவில்லை" என்று கத்தினேனாம். என்னோடு வந்த கிர்ஸ்தன் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கரை போய்ச் சேரும்வரை அவன் தண்ணீருக்குள் தடியோடு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

அங்கே என் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதைப் பார்த்த டொக்டர் இளம் பெண். நான் என்ன வேலை செய்தவள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பார்க்க விருப்பமா என்று கேட்டு, என்னைத் தாங்கிப் பிடித்து மைக்ரோஸ்கோப்பின் முன் இருத்தினாள். இங்கே வெயிலைத் திருப்பக் கண்ணாடி தேவையில்லை, மின்விளக்கு. அதில் அவை துடித்துக்கொண்டிருந்தன, சின்ன விலாங்குக் குஞ்சுகள் சேற்றில் நெளிவதுபோல. எத்தனையோ பேருடையதைப் பார்த்துத் தலையசைத்து, பெயரை எழுது என்று சொன்னவள் நான். இப்போது அது என் பெயர்.

பிறகு முள்ளந்தண்டு நீர் எடுத்தார்கள். முழங்காலை நெஞ்சோடு மடித்துப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே எலும்புகளின் இடையில் ஊசி போட்டு எடுப்பது. கிருமி மூளைக்குப் போய்விட்டதா என்று அதில்தான் தெரியும். போய்விட்டிருந்தது.

மூளைக்குப் போய்விட்டால் அதற்கு மருந்து ஒன்றுதான். அது பாஷாணத்தில் செய்தது. கிருமியைக் கொல்லும். இருபது பேருக்குப் போட்டால் ஒருவரை அதுவே கொன்றுவிடும் என்று நாங்கள் அங்கே கணக்கு வைத்திருந்தோம். நரம்பில் ஏறும்போது நெருப்பு ஏறுவதுபோல எரியும். பிளாஸ்டிக் ஊசிக்குழலை அது கரைத்துவிடும், கண்ணாடிக் குழல்தான் வேண்டும். எத்தனை பேரின் கையை நான் பிடித்து அமத்தியிருக்கிறேன், அசையாதே, கொஞ்ச நேரம்தான் என்று பொய் சொல்லியிருக்கிறேன். காலையில் தட்டத்தில் கண்ணாடிக் குழல் இடிபடும் சத்தம் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கியது. இனி நான் கட்டிலின் மற்றப் பக்கம்.

எரிந்தது. எழுத அதற்கு வேறு சொல் இல்லை. சில நாள் தொடர்ந்து போட்டு, ஒரு கிழமை ஆறவிட்டு, மீண்டும் போட்டார்கள். ஒருநாள் எனக்கு வலிப்பு வந்தது. அது எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்துக் கட்டில் டேனிஷ்காரக் கிழவி என்னைக் காணும்போதெல்லாம் கண்ணைத் துடைப்பதை வைத்துத்தான் எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று ஊகித்தேன்.

அண்ணை வேலைக்கு லீவு கிடைத்த நாட்களில் ரயிலேறி, கப்பலேறி வந்தார். இங்கே ரயிலையே கப்பலில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். தேர்மோசில் இரசம் கொண்டுவருவார். நான் ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தூங்கிப்போவேன். அவர் மிச்சத்தை மூடிக்கொண்டு அதே வழியால் திரும்பிப் போவார். பில் எவ்வளவு வரும் என்று அவருக்கு ஒரே ஏக்கம். பில் இல்லை என்று தாதி சொன்னபோது நம்பவில்லை. பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பல மாதம் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயும் ஜன்னலோரம் ஒரு கதிரை இருந்தது, சாமுவேல் அதிலும் வந்து உட்கார்ந்தான். மருந்து ஏற ஏற அவன் வருவது குறைந்தது. முதலில் சேறு போனது. பிறகு சட்டை மங்கலாகியது. ஒரு மத்தியானம் நான் தூங்கவில்லை, கதிரை வெறும் கதிரையாக இருந்தது. டொக்டர்மாருக்குச் சந்தோஷம். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். சுகம் வந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்துக் கோப்பி கொண்டுவந்து தந்தார்கள்.

அந்த இளம் டொக்டர்தான் கேட்டாள். "உங்களுக்கு ஈ கடித்த இடத்தில் வேறு யாரும் இருந்தார்களா?"

இருந்தான். சூடானை விட்டு வந்த கடைசிக் காலையில் என்னை விமானத்திடலுக்குக் கொண்டுவந்து விட்டதும் அவன்தான். சின்ன விமானம், முன்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டிக் கழுத்தைக் குனிந்தான். நான் அவசரப்படவில்லை. நன்றாகத் தடவிப் பார்த்தேன், இரண்டு கையாலும். "ஒன்றுமில்லை, சாமுவேல்" என்றேன். அன்றைக்கு அது உண்மை. கட்டி பிறகும் வரலாம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில், பிரியும் நேரத்தில், யார் அதைச் சொல்வார்கள்?

மிஷன்காரர் மூலம் அவனுக்குச் செய்தி அனுப்ப வழி இருக்கிறது என்றாள் டொக்டர். ஆனால் யாருக்கு, எப்போது, எங்கே வருத்தம் தொற்றியது என்று என் பெயரோடு எழுத வேண்டும். அது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகும். பல கை மாறும். நான் சம்மதிக்காமல் அனுப்பமாட்டார்கள்.

அண்ணையிடம் கேட்டேன். இந்தமுறை அவர் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஜன்னலருகே அந்தக் கதிரையில்தான் இருந்தார்.

"அவனுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஓம். மூண்டு."

"அப்ப எழுதிக் குடு" என்றார். "பொலிஸ் கேட்டா நான் சொல்லுறன். சொல்லிக் குடுத்தவன் நான்தானே."

பொலிஸ் அழைத்தது. எப்படியும் ஒருநாள் அழைத்திருக்கும். நாங்கள் வக்கீலோடு போய் முழுவதையும் சொன்னோம். அண்ணை சொன்னபடியே முன்னுக்கு வந்து, "என்ர தங்கச்சிக்கு நான்தான் பொய் சொல்லச் சொன்னனான்" என்றார். மொழிபெயர்த்த தமிழ்ப் பொடியன் தயங்கி எங்களைப் பார்த்தான். "அப்படியே சொல்லு தம்பி" என்றார் அண்ணை. சூடானிலும் சண்டை, திருப்பி அனுப்ப இடமில்லை என்று வக்கீல் வாதாடினார். பல மாதம் நாங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடைசியில் இருவருக்கும் இருக்க அனுமதி வந்தது. ரஞ்சி அன்றைக்குக் கேசரி கிண்டினாள், அடிப்பிடிக்க விட்டுவிட்டாள்.

நோய் திரும்பி வரலாம் என்பதால் இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முள்ளந்தண்டு நீர் எடுக்கிறார்கள். ரஞ்சிக்கு அது போதாது. காலையில் என் தலையை இழுக்கும்போதெல்லாம் கழுத்தையும் தடவிப் பார்ப்பாள். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, இரண்டு கையாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் வந்தது. சூடானில் எங்கள் பக்கத்து மிஷனில் இருந்த வெள்ளைக்காரப் பாஸ்டர். ஆஸ்பத்திரி மூடி, எல்லோரும் சிதறி, அவரும் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டாராம். என் செய்தி அவர் கைக்குத்தான் போயிருந்தது.

"சாமுவேலைக் கண்டேன்" என்றார். "எல்லைக்குக் கிட்ட ஒரு சந்தையில். இப்போது லொறி ஓட்டுகிறார். லொறிக்குக் கீழே படுத்திருந்தார். எழுப்பித்தான் கதைத்தேன்."

"செய்தியைச் சொன்னீர்களா?"

"சொன்னேன். கொங்கோப் பக்கம் ஒரு மிஷனில் இன்னும் பரிசோதிக்கிறார்கள், உடனே போ என்றேன். அவர் சிரித்தார். திரும்பி நின்று கழுத்தைக் குனிந்து காட்டினார். சிஸ்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்று அவரே சொன்னவர் என்றார்."

"எனக்கே வந்துவிட்டது என்று சொல்லவில்லையா?"

"சொன்னேன், சொன்னேன். மிகவும் கவலைப்பட்டார். சிஸ்டருக்காகத் தினமும் ஜெபிப்பேன் என்றார்."

சிஸ்டர் சொன்னது இனிச் செல்லாது என்று அவனிடம் போய்ச் சொல்ல அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். வீதி மூடிக் கிடக்கிறது, எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்றார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அடுத்ததையும் கேட்டேன்.

"அவன் படுத்திருந்தது என்ன நேரம், பாஸ்டர்?"

"காலைதான். சந்தை கூடுகிற நேரம்." பிறகு அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். "இரவு முழுக்க லொறி ஓட்டியிருப்பார், சிஸ்டர். டிரைவர்தானே."

"ஓம். டிரைவர்தானே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தேன்.

யார் என்று ரஞ்சி கேட்கவில்லை. என்னைத் திரும்பக் கதிரையில் இருத்தினாள். விட்ட இடத்திலிருந்து இழுத்து முடித்தாள். பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டு, என் தலையை மெல்ல முன்னுக்குக் குனியவைத்து, இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை, மேர்சி" என்றாள்.